சேரநாட்டு மகளிர் ஆடையும் தமிழ் நெசவும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பர் நம் முன்னோர். ஓணத் திருநாளில் வைட்டிலா வீதிகளில், வெண்முண்டும் பொற்கசவு துலங்கும் நேரியதும் அணிந்து செல்லும் மகளிரை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கிறோம் நாம். எளிமையே எழிலாய் அமைந்த இவ்வாடையின் வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு என்பதை நம்மவருள் பலர் அறியார்.

1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராமவர்மர் காலத்தில், நாகர்கோவில் முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்துவரப்பெற்றுத் திருவனந்தபுரத்தை அடுத்துக் குடியமர்த்தப்பட்டன. அரசர் பெயரால் பலராமபுரம் என வழங்கும் அவ்வூரில், குழித்தறியில் அவர்கள் நெய்த மெல்லிய பருத்தித் துணி பெரும்புகழ் எய்தியது.

ஆயின், மேலாடை அணியும் உரிமை அந்நாளில் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. அதே அரசின் தென்பகுதியில் நாடார் குல மகளிர் தோள்சீலை அணியத் தடையிருந்தது. 1822 முதல் அவர்கள் அடியும் அவமதிப்பும் பொறுத்துப் போராடினர். 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான அரச ஆணை, மார்பை மறைக்க இசைந்தது; மேற்குலப் பெண்டிரைப் போல் அணிவதை மட்டும் அப்போதும் விலக்கியது.

நெய்தவரும் தமிழர், உடுக்கும் உரிமைக்குப் போராடியவரும் தமிழர். எனவே, நம் இல்லப் பெண்டிர் கசவு உடுத்துங்கால் அதனை இரவல் ஆடையெனக் கருத வேண்டுவதில்லை. விரும்பியதை விரும்பியவாறு அணியும் உரிமை அரிதிற் பெற்றது என்பதை மட்டும் மறவாதிருப்போமாக!