வாட்டு: மணவூரிலிருந்து ஒரு காடைக் கதை

இந்த எபிசோட் ஒரு சமையல் குறிப்பில் தொடங்கி ஒரு சட்டப் புத்தகத்தில் போய் முடியும். நடுவுல கொஞ்சம் சங்க இலக்கியம், கொஞ்சம் ரயில், கொஞ்சம் என் ஆயா. பசியோட கேட்காதீங்க, அவ்வளவுதான் எச்சரிக்கை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் மணவூர். சென்ட்ரல்ல இருந்து அரக்கோணம் லோக்கல் ஏறினா, செஞ்சி பனம்பாக்கம் தாண்டி வர்ற ஸ்டேஷன். அதுக்கு அடுத்தது திருவாலங்காடு. இன்னும் மேல போனா திருத்தணி மலை, அதைத் தாண்டினா ஆந்திரா. என் கையில சென்னையில வாங்கின சின்ன ஓ.டி.ஜி. அடுப்பும் ஐஸ் பெட்டியில எட்டு காடையும் இருந்தது. முழுசா ரோஸ்ட் பண்ணி எல்லாரையும் அசத்திடலாம்னு திட்டம்.

டிரேயில் உருளைக்கிழங்கு, கேரட், சின்ன வெங்காயம் பரப்பி, மேலே காடைகளை வரிசையா அடுக்கினேன். வெண்ணெய், மிளகு, கறிவேப்பிலை, புதினா. ஆயா வந்து எட்டிப் பார்த்தாங்க.

“இன்னாடா இது, குருவிய முழுசு முழுசா படுக்க வெச்சிருக்கற?”

“ரோஸ்ட், ஆயா.”

“வாட்டப் போறன்னு சொல்லு.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த எபிசோடே.

வீட்டில் நாட்டுக்கோழி அடிச்சுப் பார்த்தவங்களுக்கு ‘வாட்டுறது’ன்னா என்னன்னு தெரியும். இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, எரியுற தீயில புரட்டி எடுப்பாங்க. மிச்சம் இருக்கிற பூமுடி கருகும், தோல் இறுகும், ஒரு வாசனை வரும். அப்புறம்தான் வெட்டிக் குழம்புக்குப் போகும். அதாவது இன்னைக்கு வாட்டுறது சமையல் இல்ல, சமையலுக்கு முந்தைய வேலை. ஆனா ஒரு காலத்தில் ‘வாட்டு’ங்கிறதே ஒரு பதார்த்தத்தோட பெயர்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது, 500 அடி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்தான் அதன் தலைவன். பரிசு வாங்கித் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்றதுதான் கதை. இந்த வழியா போ, இந்த ஊரில் இதைச் சாப்பிடக் கொடுப்பாங்க, அடுத்த ஊரில் அதைக் கொடுப்பாங்கன்னு. எனக்கு அது தமிழின் முதல் ஃபுட் விளாக் மாதிரிதான் தெரியும். அவன் நடக்கிற நிலம் தொண்டை நாடு. நம்ம மணவூர் இருக்கிற நாடு. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் மணவிற்கோட்டம் என்று ஒன்று உண்டு. பழைய மணவில் இந்த மணவூர்தான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்காங்க.

அந்தப் பாட்டில் உழவர் ஊருக்கு வந்தால் என்ன கிடைக்கும்? வெண்ணெல் சோறும், வீட்டில் வளர்த்த பெட்டைக்கோழியின் வாட்டும். பெட்டைக்கோழிக்கு அங்கே ‘அளகு’ என்று பேர். கொஞ்சம் தள்ளி அந்தணர் வீடுகள். அங்கே கறி கிடையாது. மாதுளங்காயைப் பிளந்து, பசு வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து கொடுப்பாங்க. கூடவே மாவடு.

இந்த ரெண்டு வீட்டையும் சேர்த்துப் பாருங்க. ஒரு வீட்டில் முழுசா வாட்டிய பறவை. இன்னொரு வீட்டில் வெண்ணெயும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த காய். நான் ஏதோ யூடியூப் பார்த்துச் செய்யுற வெளிநாட்டுச் சாப்பாடுன்னு நினைச்ச டிரேயில் ரெண்டும் ஒண்ணா கிடந்தது. அதில் உருளைக்கிழங்கும் கேரட்டும் வெளியிலிருந்து வந்ததுதான். மிளகாய் நான் போடல. அதுவும் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்களோட வந்ததுதானே. அதுக்கு முன்னாடி நமக்குக் காரம்னா மிளகு. சங்கத் தமிழில் ‘கறி’ என்றாலே மிளகுதான்.

காடையும் இங்கே புதுசு இல்ல. சங்க நூல்களில் அதன் பெயர் பூழ், குறும்பூழ். கலித்தொகையில் ஒரு காட்சி. பரத்தையர் வீட்டுக்குப் போயிட்டு லேட்டா வர்ற தலைவன், “குறும்பூழ்ச் சண்டை பார்த்துட்டு இருந்தேன்”னு மனைவிகிட்ட கதை விடுறான். அவங்க நம்பல. இன்னைக்கு மேட்ச் பார்த்துட்டு இருந்தேன்னு சொல்ற மாதிரிதான். நம்ம வயல்களில் மழைக்காலத்தில் கேட்கிற மழைக்காடையின் அறிவியல் பெயரைத் தேடிப் பாருங்க, கோட்டர்னிக்ஸ் கோரமண்டெலிக்கா. நம்ம சோழமண்டலக் கரையோட பெயர்தான் அது.

சரி, அவ்வளவு பழைய பழக்கம் ஏன் நம்ம வீட்டில் காணாமப் போச்சு? நான் ஆயாவையே கேட்டேன். பதில் ரொம்ப சிம்பிள்.

“ஒரு கோழிய வாட்டினா ரெண்டு பேரு துன்னலாம். கொழம்பு வெச்சா பத்து பேரு துன்னலாம். வூட்ல பதினொரு பேரு இருந்தோம்.”

எனக்கு இதைவிட நல்ல வரலாற்று விளக்கம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கல. பாட்டில் வர்ற வாட்டு விருந்தாளிக்கு. குழம்பு குடும்பத்துக்கு. தேங்காய், மல்லி, வெங்காயம் அரைச்சு ஊத்தினா கறியோட ருசி பானை முழுக்கப் பரவும். கறித்துண்டு கிடைக்காதவனுக்கும் ருசி கிடைக்கும். அதனால ரோஸ்ட் நம்ம மரபில் இல்லன்னு யாராவது சொன்னா, இருந்தது, கட்டுப்படியாகலன்னு சொல்லுங்க.

ரோஸ்ட் இந்தப் பக்கம் திரும்பி வந்தது ரயிலில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தத் தண்டவாளம் எங்க ஊர் வழியாத்தான் போகுது. அரக்கோணம் ஜங்ஷன் ஆச்சு, ரயில்வே காலனி வந்தது, அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியிருந்தாங்க. அவங்க சமையலில் ‘பாட் ரோஸ்ட்’ முக்கியமான ஐட்டம். அவன் இல்லாத அடுப்படியில் கறியை எப்படி ரோஸ்ட் பண்றது? கனமான பாத்திரத்தில் வெச்சு மூடி, அடியில் தணல், மூடி மேலயும் தணல். மேலும் கீழும் சூடு. இன்னைக்கு என் ஓ.டி.ஜி.யில் ரெண்டு கம்பி சிவக்குதே, அதே தத்துவம்தான். 1878-ல் மெட்ராஸில் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி ஒரு சமையல் புத்தகமே போட்டார். அதில் ரோஸ்ட்டுக்கு ஒரு அத்தியாயம். இந்தியச் சமையலறைகளைப் பற்றித் தனியா இன்னொரு அத்தியாயம்.

இப்போ சட்டத்துக்கு வருவோம்.

டிரேயை உள்ள தள்ளினதும் ஆயா கேட்டாங்க, “இத்த எவ குடுத்தா?”

‘எவ’ன்னு ஏன் கேட்கிறாங்கன்னு எனக்குப் புரியல. கடையில வாங்கினேன்னு சொன்னேன். அப்போதான் அவங்க சொன்னாங்க. அவங்க கல்யாணமாகி வந்த புதுசுல, அறுப்பு முடிஞ்ச சமயத்தில், ஒரு நரிக்குறவர் அம்மா வருவாங்களாம். கையில வலைப்பை. உள்ளே உயிரோட ஏழெட்டு காடை, சில நாள் கௌதாரி. நெல்லுக்கு மாத்திப்பாங்களாம், கிருத்திகை அன்னைக்கு மட்டும் வரமாட்டாங்களாம். அன்னைக்கு இந்தப் பக்கம் யார் வீட்டிலயும் கவிச்சி கிடையாதுன்னு அவங்களுக்குத் தெரியும். “எம்.ஜி.ஆர். காலத்துக்கு அப்பறம் வர்றத நிறுத்திட்டா. இன்னா ஆனாளோ.”

என்ன ஆச்சு? 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் சில உயிரினங்களை லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடியது. காட்டுக் காடையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். இந்தச் சட்டம் தேவைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா தலைமுறை தலைமுறையா பறவை பிடிக்கிறதையே தொழிலா வெச்சிருந்த ஒரு சமூகத்துக்கு, ஒரே தலைமுறையில் அந்தத் தொழில் குற்றமா மாறிடுச்சு. வலையைக் கீழ வெச்சுட்டு ஊசி, பாசிமணி விற்கப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாங்க. அவங்களை அங்கே பார்த்துட்டு நாம ஒதுங்கிப் போனோம். பல வருஷமா அவங்க கேட்ட பழங்குடிப் பட்டியல் அந்தஸ்துக்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். 1972-க்கும் 2022-க்கும் நடுவில் 50 வருஷம்.

அதே காலத்தில் இன்னொரு காடைக்கு வாழ்வு வந்தது. ஜப்பானியக் காடை. ஜப்பானில் முதலில் அதன் குரலுக்காகக் கூண்டில் வளர்த்தாங்க, 20-ஆம் நூற்றாண்டில் முட்டைக்கும் கறிக்கும் பண்ணையில் வளர்க்க ஆரம்பிச்சாங்க. 1974-ல் அது கலிஃபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. பிறகு நம்ம ஊர் கால்நடை விஞ்ஞானிகள் இங்கேயே ரகம் உருவாக்கினாங்க. ‘நந்தனம் காடை’ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நம்ம சென்னை நந்தனம்தான். 17, 18 நாளில் முட்டை பொரியும், அஞ்சாறு வாரத்தில் கறிக்குத் தயார், 200 கிராம் எடை. இதுக்கும் ஒரு சிக்கல் வந்தது. 2011-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புதுப் பண்ணைகளுக்கு லைசென்ஸ் தர வேண்டாம்னு சொல்ல, 2013-ல் அந்தத் தடை தளர்ந்தது. இன்னைக்கு ஹைவே ஓரக் கடைகளில் ‘ஆயிரம் கோழிக்கு அரைக் காடை’ன்னு போர்டு தொங்குது.

இந்தப் பண்ணைக் காடைக்கு ஒரு விஷயம் மறந்தே போச்சு, அடைகாக்க. தலைமுறைகளா இன்குபேட்டரில் பொரிச்சதால், முட்டை போட்டுட்டு அது பாட்டுக்கு நடந்து போயிடும். மனுஷன் கரண்ட் போட்டு சூடு கொடுக்கலன்னா அந்த இனம் இல்ல. ஆயா அதைக் கேட்டுட்டு, “பாவம்டா”ன்னாங்க.

சரி, செய்முறை கேட்பீங்க. சின்னப் பறவையில் கொழுப்பு கம்மி, சீக்கிரம் காஞ்சிடும். காய்க்கு நேரம் அதிகம் வேணும், காடைக்குக் கம்மி. அதனால காயை முதலில் எண்ணெய், உப்பு போட்டு 200 டிகிரியில் 20 நிமிஷம் விடுங்க. வெண்ணெயில் மிளகு, பூண்டு, பொடியா நறுக்கின கறிவேப்பிலை, புதினா குழைச்சு காடையின் தோலுக்கு அடியில் தடவுங்க. கறிவேப்பிலையை மேலே தூவினா கருகிடும், உள்ளதான் வைக்கணும். அப்புறம் காயின் மேல் காடையை வெச்சு இன்னும் 20, 25 நிமிஷம். தொடையில் குத்தினா தெளிஞ்ச நீர் வரணும். எடுத்து 5 நிமிஷம் மூடி வைங்க. அடியில் இறங்கின சாறு முழுக்க உருளைக்கிழங்கில் ஏறியிருக்கும். அவன் இல்லையா? கனமான சட்டி, மூடி, மேலயும் கீழயும் தணல். அரக்கோணம் ஸ்டைல்.

அன்னைக்கு வீட்டில் ஒன்பது பேர், காடை எட்டு. ஆயா கணக்கு ஞாபகம் வந்தது. நான் உருளைக்கிழங்கு சாப்பிட்டேன். ஆயா தன் காடையில் ஒரு காலை மட்டும் பிச்சுத் தின்னுட்டு, மீதியை என் தட்டில் வெச்சாங்க. நல்லா இருக்குன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, “அவ பேரு எனக்கு ஞாபகம் வரல பாரேன். அத்தினி வருஷம் வந்தா”ன்னாங்க.

அந்தப் பெயர் எங்கேயும் பதிவாகல. பாட்டில் சாப்பாடு போட்ட உழவர் வீட்டுப் பெயரும்தான் தெரியாது, அங்கே சாப்பிட்டவன் பெயரும் தெரியாது. மன்னன் பெயர் மட்டும் இருக்கு. உங்க வீட்டில் ஆயாவோ பாட்டியோ அம்மம்மாவோ இருந்தா, என்ன சமைச்சீங்கன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. யார் கொண்டு வந்து கொடுத்தாங்கன்னும் கேளுங்க. பெயர் ஞாபகம் இருந்தா எழுதி வைங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.