கிழித்தவர்களும் ஒட்டியவர்களும்

ஊரில் பன்னிரண்டு வருடங்கள் வரலாறு படிப்பித்தவன் நான். இன்று ஜேர்மனியில், கடதாசி அரைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். அரச அலுவலகங்கள், வங்கிகள், வைத்தியசாலைகள் ஆகியவற்றிலிருந்து பூட்டுப் போட்ட அலுமினியப் பெட்டிகளில் கோவைகள் வரும். அவற்றை இயந்திரத்தின் வாயில் கொட்டுவது எங்கள் வேலை. வாசிக்கக்கூடாது என்பது விதி. வாசிக்க நேரமும் இல்லை. துண்டுகளின் அளவை 2012இல் வெளிவந்த ஜேர்மன் நியமம் ஒன்று தீர்மானிக்கிறது. நான்காம் தரத்தில் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. ஏழாம் தரத்தில் 5 சதுர மில்லிமீற்றர்.

ஆவணங்களைத் தேடித் திரிந்தவன் ஆவணங்களை அரைத்துச் சம்பளம் வாங்குகிறான் என்று நண்பர்கள் பகிடி பண்ணுவதுண்டு. பகிடியில் பிழையில்லை. ஆனால் வகுப்பறையில் நான் ஒருபோதும் எழுப்பாத கேள்வி ஒன்றை இந்த வேலைதான் எனக்குள் எழுப்பியது. எதை அழிப்பது என்று தீர்மானிப்பது யார்?

வரலாற்று மாணவர்கள் எஞ்சியிருப்பவற்றைப் பற்றியே பேசிப் பழகியவர்கள். எந்தப் பெரிய அலுவலகமும் தான் எழுதியதில் பெரும்பகுதியை அழித்தே தீரும். அழிக்காவிட்டால் அலுவலகத்தில் மனிதர் இருக்க இடமிராது. ஒரு கோவை திறக்கப்படுகிறது, இலக்கம் பெறுகிறது, மேசைக்கு மேசை நகர்கிறது, மூடப்படுகிறது, குறித்த காலம்வரை பதிவறையில் கிடக்கிறது. அதன்பின்னும் ஜேர்மன் சமஷ்டி அலுவலகம் ஒன்று அதைத் தன் எண்ணப்படி எறிந்துவிட முடியாது. முதலில் சுவடிக்கூடத்துக்கு அறிவித்து, அதைக் கையளிக்க முன்வரவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக 2017இல் வந்த சட்டமும் சொல்கின்றன. சுவடிக்கூடம் ஒரு சிறு பங்கைத் தெரிந்தெடுக்கும். மிச்சம் எங்கள் பெட்டிகளுக்கு வரும். எழுதியவனும் அழிக்கத் தீர்மானிப்பவனும் ஒருவனாக இருக்கக்கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

இருவரும் ஒருவரானால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. கிழக்கு ஜேர்மனியின் அரச பாதுகாப்பு அமைச்சு, அதாவது ஸ்டாசி, 1950 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. 1989இல் அங்கு ஏறத்தாழ 91,000 பேர் முழுநேர ஊழியர்கள். அதைவிட அதிகமானோர் இரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள். அது விட்டுச்சென்ற தாள்களை அடுக்கினால் 111 கிலோமீற்றர் நீளம். அட்டைகள் மட்டும் சுமார் 4 கோடி. பெயர் அட்டையில் ஆளின் உண்மைப் பெயரும் ஒரு பதிவிலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தோடு வேறொரு அட்டைத்தொகுதிக்குப் போனால்தான் அவர் உளவு பார்த்தவரா பார்க்கப்பட்டவரா என்பது தெரியவரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எல்லா ஊழியருக்கும் அனுமதி இல்லை. அலுவலகம் தன் எழுதுவினைஞரையே நம்பவில்லை.

1989 நவம்பரில் ஆட்சி ஆட்டங்கண்டபோது அழிக்கும் கட்டளை பிறந்தது. எரித்தார்கள், தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கினார்கள், இயந்திரத்தில் அரைத்தார்கள். இயந்திரங்கள் தாக்குப்பிடிக்காமல் போகவே கையால் கிழித்தார்கள். டிசம்பர் 4ஆம் திகதி ஏர்பேர்ட் நகரில், புகையைக் கண்ட மக்கள், பெண்கள் முன்னின்று, ஸ்டாசி அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். மற்ற நகரங்கள் தொடர்ந்தன. 1990 ஜனவரி 15ஆம் திகதி பேர்லினில் தலைமையகமே மக்கள் வசமானது. சுமார் 16,000 சாக்குகளில் கிழிந்த தாள்கள் மிஞ்சியிருந்தன. அவசரத்தில் கிழித்தவர்கள் ஒரு தாளின் துண்டுகளைப் பெரும்பாலும் ஒரே சாக்கில் போட்டிருந்தார்கள். அந்த அவசரம்தான் பின்னர் அவற்றைப் பொருத்தக் கைகொடுத்தது.

இதை நல்லவர் கெட்டவர் கதையாக முடித்துவிட என்னால் முடியவில்லை. மக்கள் இயக்கங்களும் அமர்ந்திருந்த வட்டமேசை, 1990 பெப்ரவரியில், ஸ்டாசியின் கணினி நாடாக்களை அழிக்க இணங்கியது. நாளை இன்னொருவர் கையில் அவை சிக்கிவிடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். வெளிநாட்டு உளவுப் பிரிவு தன்னைத் தானே கலைத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. அந்தப் பிரிவு கோடைகாலத்துக்குள் தன் கோவைகளில் பெரும்பாலானவற்றை இல்லாமல் செய்தது. எரித்தவர்களைத் தடுத்தவர்களே சில மாதங்களில் அழிப்புக்குத் தலையசைத்தார்கள். அவர்களைக் குற்றஞ்சாட்டுவது சுலபம். அந்த நாட்களின் பயத்தை அனுபவித்த எவரும் அவசரப்பட்டு அதைச் செய்யமாட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில், மிஞ்சிய கோவைகளைப் பூட்டி வைத்துவிடக்கூடாது என்று சிலர் தலைமையகத்துக்குள் மீண்டும் புகுந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1991 டிசம்பரில் சட்டம் வந்தது. 1992 ஜனவரி முதல், தன்னைப்பற்றி எழுதப்பட்டதைக் குடிமகன் ஒருவன் தானே வாசிக்க முடிந்தது.

இனி எங்களுக்கு நெருக்கமான ஒரு செய்தி. சாக்குகளிலிருந்த துண்டுகளைக் கையால் ஒட்டும் வேலை 1995இல் பவாரியாவின் சிர்ண்டோர்ப் என்ற சிற்றூரில் தொடங்கியது. எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த எம்மவர் பலருக்கு இந்தப் பெயர் மறக்காது. அகதி மனுக்களைத் தீர்மானித்த சமஷ்டி அலுவலகம் இருந்த இடம் அது. 1992இல் 438,191 ஆக இருந்த அகதி மனுக்கள், 1993இல் அரசியலமைப்பைத் திருத்திக் கதவை ஒடுக்கியபின், 1994இல் 127,210 ஆகக் குறைந்தன. அந்த அலுவலகத்தின் ஊழியர்கள் பலர் ஸ்டாசியின் துண்டுகளை ஒட்டுவதற்கு அமர்த்தப்பட்டார்கள். நாங்கள் வராமற்போனதால் மிஞ்சிய கைகள், இன்னொரு மக்களின் நினைவைத் தாள் தாளாக ஒட்டின. இருபது வருடங்களில் சுமார் 500 சாக்குகள், 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். 2007இல் தொடங்கிய கணினி முயற்சி 23 சாக்குகள் அளவில் தேங்கிவிட்டது. எஞ்சிய சாக்குகள் 15,000 அளவில் இருக்கும். கிழிக்கச் சில வாரங்கள் போதுமாயிருந்தன.

இதையெல்லாம் ஏன் எங்கள் சஞ்சிகையில் எழுதுகிறேன்? 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை, அந்த 97,000 நூல்களை, நாம் வருடந்தோறும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் எங்கள் கையாலேயே அழிபவற்றுக்கு நாம் நினைவுநாள் வைப்பதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் நாற்பது வருடங்களாக இயங்கிய சங்கங்களின் கூட்டக்குறிப்புகள், கணக்குப் புத்தகங்கள், பிளவுகளின்போது எழுதப்பட்ட கடிதங்கள் எங்கே? சில, நிலவறைகளில் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன. சில, செயலாளர் இறந்த வாரமே குப்பைக்குப் போயின. சில, கேள்வி வரும் என்ற பயத்தில் வேண்டுமென்றே அழிக்கப்பட்டன. அரசின் இருட்டறைகளைத் திறக்கச் சொல்லும் நாம் எங்கள் அலுமாரியைத் திறக்கத் தயாரா?

எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று விடயங்களை மட்டும் முன்வைக்கிறேன். அழிப்பதைத் தீர்மானிப்பவர்களில் அந்தத் தாளோடு தொடர்பில்லாத இருவராவது இருக்கவேண்டும். ஆளுக்கு ஆபத்தானவற்றை அழிக்காமல், முப்பது வருடங்களுக்கு முத்திரையிட்டு ஒரு பொதுச் சுவடிக்கூடத்திடம் ஒப்படைக்கலாம். அழித்தே ஆகவேண்டுமென்றால் அழித்தவற்றின் பட்டியலையாவது எழுதி வைக்கவேண்டும்.

மூன்றாவதை நான் எங்கிருந்தும் கற்றுக்கொள்ளவில்லை. 2007இல், ஊரில், என்னிடம் நான்கு கொப்பிகள் இருந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களிடம் கேட்டு எழுதியவை. எல்லாத் தரப்பையும் பற்றி அவர்கள் பயமில்லாமல் சொன்னவை. வெள்ளை வான்கள் திரிந்த காலம் அது. கொப்பிகள் எவர் கையில் அகப்பட்டாலும் சொன்னவர்களுக்குத்தான் ஆபத்து என்று எண்ணி, ஓர் இரவு அடுப்பில் வைத்தேன். மனைவி ஊதுகுழலால் ஊதினா. செய்தது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஸ்டாசிக்காரர் தம்மைக் காப்பாற்ற அழித்தார்கள், நான் மற்றவர்களைக் காப்பாற்ற அழித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு.

ஆனால் எத்தனை பேரிடம் கேட்டேன் என்பதைக்கூட நான் குறித்து வைக்கவில்லை. பெயரில்லாமல், ஊரும் வயதும் மட்டும் ஒரு துண்டில் எழுதியிருக்கலாம். எழுபது பேர் என்று நினைக்கிறேன். மனைவி ஐம்பது என்கிறா. அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. எங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று பார்க்க இனி எந்தச் சாக்கையும் அவிழ்க்க முடியாது.