புள்ளிவிபரம் பொதுவுடைமையான வரலாறு

அரசு என ஒன்று தோன்றிய காலந்தொட்டே எண்ணுதல் என்னுந் தொழிலும் உடன்தோன்றியது எனலாம். வரி இறுக்கவும் படை திரட்டவும் வேண்டிய ஆட்சியாளர், தம் நாட்டில் எத்துணைக் குடிகள் உளர், எத்துணை நிலம் விளைகின்றது என்பவற்றை அறிய விழைந்தனர். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகள் இத்தேவையிற் பிறந்தனவே. ஆயின், அரசு எண்ணியதை எண்ணப்பட்ட குடிகளும் பார்வையிடலாம் என்னுங் கொள்கை மிகப் பிற்பட்டது. இன்று ஒரு மாணவன் கணினியில் நாலைந்து வரி நிரல் எழுதி, ஒரு நாட்டின் அறுபது ஆண்டுக் குடித்தொகையைச் சில நொடிகளிற் பெற்றுவிடுகின்றான். இந்நிலை எவ்வாறு வந்தது? இவ்வெளிமை நமக்குத் தந்தது யாது? மறைத்தது யாது? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றைத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிசன மதிப்பாதலின், முதற்கண் அதனை நோக்குவோம்.

பத்தாண்டுக்கு ஒருமுறை குடிகளை எண்ணுதல் வேண்டுமென 1787 இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பே விதித்தது. அதற்கமைய 1790 இல் நிகழ்ந்த முதல் மதிப்பில் 39,29,214 பேர் எண்ணப்பட்டனர். அவ்வாண்டுச் சட்டத்தில் ஓர் ஏற்பாடு நம் கவனத்துக்குரியது. எண்ணுவோர் தாம் எழுதிய பட்டியலின் படியொன்றைக் கையொப்பமிட்டு, மக்கள் பெரிதுங் கூடும் இரண்டு இடங்களில் ஒட்டிவைத்தல் வேண்டும். விரும்பியோர் எவரும் அதனைப் பார்வையிடலாம். அரசின் புள்ளிவிபரம் பொதுமக்கள் கண்முன் வைக்கப்பட்டமைக்கு இது சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

எனினும் அப்பட்டியலில் யார் எவ்வாறு இடம்பெற்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. அடிமைகள் பெயரற்ற தொகையாகக் குறிக்கப்பட்டனர். பிரதிநிதிகள் சபைக்கு இடம் பங்கிடுங்கால் அடிமைகள் ஐவர் மூவராகவே கொள்ளப்பட்டனர். வரி செலுத்தாத பழங்குடியினர் அக்கணக்கிற் சேர்க்கப்பட்டிலர். ஆகவே 39,29,214 என்பது வெறும் எண்ணன்று. யாரை எண்ணுவது, எவ்வாறு எண்ணுவது என்று ஆட்சியாளர் செய்த முடிவுகளின் விளைவுமாகும்.

குடிகள் பெருகப் பெருக, எண்ணுதலினும் எண்ணியதைத் தொகுத்தல் அரிதாயிற்று. 1880 ஆம் ஆண்டு மதிப்பைக் கையினால் தொகுத்து முடிக்க அப்பத்தாண்டின் பெரும்பகுதி கழிந்தது. அடுத்த மதிப்பு வருமுன் முந்தியது முடியாதோ என்னும் அச்சம் எழுந்தது. இவ்விடர்ப்பாட்டுக்கு ஏர்மன் ஒலரித் என்னும் பொறியியலாளர் வழிகண்டார். ஒவ்வொருவர் விபரமும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதியப்பட்டது. பொறியின் ஊசிகள் துளையுள்ள இடத்தில் மட்டும் ஊடுருவி, கீழேயுள்ள இரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சுற்று நிறைவுறும், எண்முகப்பு ஒன்று நகரும். 1890 ஆம் ஆண்டு மதிப்பு இம்முறையாலேயே தொகுக்கப்பட்டது. 1896 இல் அவர் நிறுவிய கம்பனி 1911 இல் வேறு கம்பனிகளுடன் இணைந்து, 1924 இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. 1951 இல் அமெரிக்கக் குடிசன மதிப்புப் பணியகம் யூனிவாக் என்னும் மின்னணுக் கணினியை ஏற்றுக்கொண்டது. இன்றைய கணினியின் வரலாற்றில் குடிசன மதிப்புக்குப் பெரும் பங்குண்டு என்பது இதனாற் புலனாகும்.

ஈண்டு ஒரு துயர நிகழ்ச்சியும் குறிக்கத்தக்கது. 1921 ஆம் ஆண்டு சனவரியில் வாசிங்டனில் ஏற்பட்ட தீயினால், 1890 ஆம் ஆண்டின் மூல ஏடுகளிற் பெரும்பாலானவை பாழாயின. அச்சிட்ட தொகைகள் எஞ்சின. அத்தொகைகள் எவ்வீடுகளிலிருந்து, எம்மாந்தரிடமிருந்து வந்தன என்று மீண்டும் ஆராயும் வாய்ப்பு அற்றுப்போயிற்று.

தொகுத்தல் விரைவுபெற்ற பின்னரும், பயன்கொள்வோர் பலகாலம் அச்சுநூல்களையே நாடவேண்டியிருந்தது. பின்னர்க் காந்தநாடாக்களும் இறுவட்டுக்களும் வந்தன. 1999 இல் இணையத்தளம் வந்தது. எனினும் இணையத்தளத்திலும் மனிதனே பக்கம்பக்கமாகத் தேடி அட்டவணையைப் பெறுதல் வேண்டும். நூறு அட்டவணைகள் வேண்டுவோன் நூறுமுறை தேடவேண்டும். ஒருமுறை பிழைத்தாற் பிழைத்த இடம் தெரியாது. இக்குறையை நீக்க எழுந்ததே ஏ.பி.ஐ. என வழங்கும் இடைமுகம். ஒரு கணினி நிரல் மற்றொரு கணினியிடம் விதிப்படி கேட்டு, விதிப்படி விடைபெறும் வாயில் இது. உலக வங்கி 2010 ஏப்பிரலில் தன் புள்ளிவிபரங்களை யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அமெரிக்கக் குடிசன மதிப்புப் பணியகம் 2012 யூலையில் தன் வாயிலைத் திறந்தது.

இது தொழிற்படும் முறை எளிதே. உலக வங்கியின் வாயிலை எடுத்துக்கொள்வோம். நாட்டின் குறியீடு, வேண்டிய புள்ளிவிபரத்தின் குறியீடு, ஆண்டுகளின் எல்லை, விடை அமையவேண்டிய வடிவம் ஆகியவற்றை ஓர் இணைய முகவரியாக அமைத்தல் வேண்டும். பைதன், ஆர் முதலிய நிரல்மொழி ஒன்றில் எழுதிய நிரல் அம்முகவரிக்கு வேண்டுகோள் அனுப்பும். விடை இரு பகுதியாக வரும்: முற்பகுதி மொத்தம் எத்தனை பதிவுகள், எத்தனை பக்கங்கள் என்று கூறும், பிற்பகுதியில் எண்கள் இருக்கும். நிரலைப் பாதுகாத்து வைத்தால், எவ்வெண் எங்கிருந்து எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பிறரும் சோதிக்கலாம். ஆராய்ச்சியாளர்க்கு இதனினும் பெரிய நன்மை வேறில்லை.

ஆயினும் பயில்வோர் இடறும் இடங்களும் உள. எல்லை குறித்துக் கேளாவிடின் அவ்வாயில் ஒரு பக்கத்துக்கு 50 பதிவுகளையே தரும். அண்மை ஆண்டுகள் முதலில் வரும். முற்பகுதியைப் படியாது எண்களை மட்டும் எடுத்துக்கொள்வோன், 1960 இலிருந்து தொடங்கும் வரிசையின் பழைய ஆண்டுகளை இழந்தும் இழந்ததை அறியான். விபரமில்லாத ஆண்டுக்கு எண்ணின் இடத்தில் வெறுமைக்குறியே வரும்; அதனைச் சுழியமெனக் கொள்ளும் நிரல் பொய்யுரைக்கும். அமெரிக்க வாயிலில், மாதிரி போதாமையாற் கணிக்க இயலாத இடத்தில் −666666666 என்னும் குறியெண் வருவதுண்டு. அதனையும் வருமானமெனக் கூட்டிச் சராசரி கண்டால் விளைவு நகைப்புக்கிடமாகும். மாதிரியாய்வின் வழு எல்லை தனிக் குறியீட்டில் உளது, கேட்டார்க்கன்றி வாராது.

திறந்த வாயிலுக்குக் காவலும் வேண்டும். 1940 ஆம் ஆண்டு மதிப்பின் அட்டவணைகள், 1942 இல் யப்பானிய வழியினரை மேற்குக் கரையிலிருந்து அகற்றுதற்குப் பயன்பட்டன. இன்று அமெரிக்க வாயில் தனிமனிதர் பெயரைத் தருவதில்லை. தனிமனிதரை ஊகித்தறியாவண்ணம், 2020 ஆம் ஆண்டு மதிப்பிற் சிற்றூர்கள் முதலியவற்றின் எண்களிற் சிறு மாற்றங்கள் வேண்டுமென்றே செய்யப்பட்டுள்ளன. பெயரோடு தெருவில் ஒட்டிய 1790 ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் சிந்திக்கத்தக்கது.

இனி, இவ்வாயில் வழியே நம் நாட்டைப் பற்றி வினவுவோம். உலக வங்கியிடம் இலங்கையின் குடித்தொகையைக் கேட்டால், 1960 முதல் ஆண்டுதோறும் ஓர் எண் இடையறாது வருகின்றது. ஆனால் இலங்கை ஆண்டுதோறும் எண்ணப்பட்டதன்று. 1871 இல் தொடங்கிய குடிசன மதிப்பு 1981 இல் நாடு முழுவதும் நிகழ்ந்தது. அடுத்த பத்தாண்டில் நிகழவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களில் முழுமை பெறவில்லை. 25 மாவட்டங்களும் மீண்டும் ஒருங்கே எண்ணப்பட்டது 2012 இலாகும். முப்பத்தோராண்டு இடைவெளி! அவ்விடைவெளியிலே போர் நிகழ்ந்தது. மக்கள் மாண்டனர், இடம்பெயர்ந்தனர், கடல்கடந்தனர். எனினும் நிரல் பெறும் வரிசையில் 1975 இன் எண்ணும் 1995 இன் எண்ணும் ஒரே தோற்றத்தன. இரண்டும் கணிப்புகளே, ஆயின் முன்னையது 1971, 1981 என்னும் இரு முழு மதிப்புகளுக்கு இடைப்பட்டது, பின்னையதற்கு அத்தகைய அண்மைச் சான்று இல்லை. இவ்வேற்றுமையை எண் தானே கூறாது.

கணிப்புச் செய்தோரைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. எண்ண இயலாத காலத்தில் கணித்தல் வேண்டியதே. எவ்வாறு கணித்தனர் என்பதையும் அவர்கள் எழுதியே வைத்துள்ளனர். ஆனால் அவ்விளக்கம் எண்ணோடு ஒட்டி வருவதில்லை. நாம் தேடிச் சென்று படித்தல் வேண்டும். நூலகத்தில் பழைய மதிப்பறிக்கையைப் புரட்டியவன், விரும்பினும் விரும்பாவிடினும் அதன் முன்னுரையைக் கடந்தே அட்டவணைக்குச் சென்றான். எண்ணியோர் பட்ட இடர்களும் விடுபட்ட ஊர்களும் அங்கே கூறப்பட்டிருந்தன. நிரல் எழுதுவோன் அம்முன்னுரையைக் காணாமலே அட்டவணையை அடைகின்றான்.

ஆதலின் நிரல்மொழி பயிலும் நம் மாணவர் ஒரு வழக்கத்தை மேற்கொள்வாராக. எண்ணைப் பெறும் ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும், அது எந்நாளிற் பெறப்பட்டது, எம்மதிப்பை அடிப்படையாகக் கொண்டது, எண்ணப்பட்டதா கணிக்கப்பட்டதா, எப்பகுதிகள் விடுபட்டன என்னும் நான்கினையும் எழுதிவைக்க வேண்டும். கணிதம் கற்பிப்போரும் வரலாறு கற்பிப்போரும் இப்பயிற்சியை ஒருங்கிருந்து நடத்தல் சாலும். ஏழு மாவட்டங்களின் மக்கள் ஒரு தலைமுறைக் காலம் முறையாக எண்ணப்படாதிருந்தனர் என்பதை, அம்மாவட்டங்களின் பிள்ளைகளாவது தம் ஏட்டில் குறித்துவைத்தல் கடனாகும்.