ஐஸ்கிரீம் மெஷினோடு ஓடியவர் என்ன ஆனார்?

'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980-ல் வந்த படம். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் இரண்டாவது. மேகத்துக்கு நடுவில் மிதக்கும் கிளவுட் சிட்டியைப் பேரரசுப் படை பிடித்துக்கொண்டது என்று அறிவிப்பு வந்ததும் ஜனங்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஆரஞ்சு நிற உடுப்பு போட்ட ஒரு ஆள், வெள்ளையாக எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார். ஓரிரு நொடிதான். நிறுத்திப் பார்த்தால் அது வீட்டில் ஐஸ்கிரீம் செய்கிற மெஷின்!

படத்தில் இவருக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது. ஆனால் இன்றைக்குப் பெயர் உண்டு: வில்ரோ ஹூட். வைத்தது ஜார்ஜ் லூகாஸ் இல்லை, ஒரு சீட்டு விளையாட்டு. டிசைஃபர் என்ற கம்பெனி 1997-ல் கிளவுட் சிட்டி சீட்டுத் தொகுப்பை வெளியிட்டது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சீட்டு என்றால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பெயரும் ஒரு குறிப்பும் வேணும் இல்லையா? அப்படித்தான் ஹூட் பிறந்தார். அவர் கையில் இருந்ததும் ஐஸ்கிரீம் மெஷின் இல்லை என்று ஆகிப்போச்சு. புரட்சிப் படையோடு தொடர்புள்ளவர்களின் விவரம் அடங்கிய கணினி நினைவகமாம். அது எதிரி கையில் சிக்கக்கூடாது என்றுதான் ஓடினாராம்.

இது ஹூட் ஒருத்தரின் கதை மட்டும் இல்லை. இந்தப் படங்களில் ஓரமாக நின்ற நூற்றுக்கணக்கான பேருக்கு இப்படித்தான் வாழ்க்கை வரலாறு கிடைத்தது. அந்த வரலாற்றை எழுதியவர்கள் யார், அழித்தவர்கள் யார் என்று பார்ப்போம்.

முதலில் பொம்மைக்காரர்கள். 1977 படத்தின் மதுக்கடைக் காட்சியில் உட்கார்ந்திருந்த வேற்றுக்கிரகவாசிகளை கென்னர் கம்பெனி பொம்மையாக்கி விற்றது. டப்பாவில் போடப் பெயர் வேணுமே! சுத்தியல் மாதிரி தலை இருந்தவருக்கு 'ஹேமர்ஹெட்', தந்தம் வைத்தவருக்கு 'வால்ரஸ் மேன்'. கிட்டத்தட்ட பட்டப்பெயர்தான். 1987-ல் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆடுகிறவர்களுக்கு அந்த உலகத்தை விளக்கியாக வேண்டும். அதனால் இனங்களுக்குப் பெயர், ஊர், பழக்கவழக்கம் எல்லாம் எழுதினார்கள். 1991-ல் நாவல் வரிசையைத் தொடங்கிய டிமதி ஸானுக்கு ஆதாரமாகக் கொடுக்கப்பட்டவை இந்த விளையாட்டுக் கையேடுகள்தான். ஒரு விளையாட்டின் துணைக்குறிப்பு ஒரு உலகத்தின் ஆவணமாக மாறிய இடம் இது.

அடுத்து நாவலாசிரியர்கள். 1995-ல் கெவின் ஜே. ஆண்டர்சன் தொகுத்த ஒரு கதைப் புத்தகம், அந்த மதுக்கடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கிளைக்கதை கொடுத்தது. சுத்தியல் தலையர் அதில் மோமா நேடான் என்ற மதகுரு. தன் மண்ணின் காட்டைக் காப்பாற்றுவதற்காக வேளாண் ரகசியத்தைப் பேரரசிடம் சொல்லிவிட்டு, அதற்காகவே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர். சும்மா முகமூடி மாட்டி உட்கார வைத்த உருவத்துக்கு இப்படி ஒரு பாரம்!

இதைவிட வேடிக்கை ஐஜி-88. கூலிக்கு வேட்டையாடுகிறவர்கள் வரிசையில் அசையாமல் நிற்கும் ரோபோ. அதன் தலை, முந்தைய படத்தின் மதுக்கடையில் பானம் ஊற்றும் கருவிக்குப் பயன்பட்ட அதே ஜெட் எஞ்சின் பாகம். 1996-ல் ஆண்டர்சன் எழுதிய கதையில் இந்த ரோபோ இரண்டாவது டெத் ஸ்டாரின் கணினிக்குள்ளேயே புகுந்து அதைத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. படத்தில் டெத் ஸ்டார் வெடித்தபோது வெடித்தது இதுவும்தான் என்று கதை.

வெட்ஜ் அண்டில்லீஸ் கதை வேறு. இரண்டு டெத் ஸ்டார் தாக்குதலிலும் பறந்து உயிரோடு திரும்பிய சாதாரண விமானி. முதல் படத்தில் நடித்தவர் டெனிஸ் லாசன், குரல் வேறொருவருடையது. படை கூடும் காட்சியில் அதே வெட்ஜாக உட்கார்ந்திருப்பது இன்னொரு நடிகர். இப்படி மூன்று துண்டாக இருந்த ஆளை, 1996-ல் மைக்கேல் ஸ்டாக்போல் தொடங்கிய 'எக்ஸ்-விங்' நாவல்கள் ஒரு முழு மனிதனாக்கின. தளபதி, நண்பர்களைப் பறிகொடுத்தவர், கடைசியில் குடும்பஸ்தர். லூக்கையோ ஹான் சோலோவையோ விட வெட்ஜை நெருக்கமாக உணர்ந்த வாசகர்கள் உண்டு. காரணம் எளிது. அவருக்கு மந்திர சக்தியும் இல்லை, ராஜ வம்சமும் இல்லை. வேலைக்குப் போய்வருகிற மாதிரி போருக்குப் போய்வந்தவர்.

2012-ல் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்கியது. புதிய படங்கள் எடுக்கணும், பழைய நாவல்களுக்குக் கட்டுப்பட முடியாது. 2014 ஏப்ரலில் ஒரு அறிவிப்பு: படங்களும் ஒருசில தொடர்களும் தவிர, அதுவரை வந்த கதையெல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது பழங்கதை. புத்தகங்கள் கடையில் கிடைக்கும், ஆனால் 'நடந்தவை' இல்லை. வெட்ஜின் குடும்பம், நேடானின் குற்றவுணர்ச்சி, ஐஜி-88-ன் விசுவரூபம் எல்லாம் ஒரே அறிவிப்பில் போச்சு. வியாபார ரீதியில் நியாயம்தான். இருபது வருஷம் கூடவே வாழ்ந்த வாசகனிடம் போய் 'அது நடக்கவே இல்லை' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

அவன் மறக்கவில்லை. ஹூட்டைப் போல ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொண்டு, கையில் ஐஸ்கிரீம் மெஷினோடு ரசிகர்கள் 'செலிப்ரேஷன்' விழாக்களில் கூட்டமாக ஓடுகிறார்கள். 2019-ல் 'தி மாண்டலோரியன்' தொடரில் விலையுயர்ந்த உலோகத்தை வைத்துத் தரும் பெட்டி அதே வடிவம்தான். அதே வருஷம் வந்த படத்தில் லாசன் சில நொடி வெட்ஜாக வந்துபோனார். அழித்தவர்களே திரும்ப எழுத வேண்டியிருந்தது.

போபா ஃபெட்டுக்கு இன்னும் பெரிய மறுபிறவி. 1980 படத்தில் அவருக்கு மொத்தம் நாலே வசனம். 1983-ல் பாலைவனப் பள்ளத்து மிருகத்தின் வாயில் விழுந்து செத்தார். 1990-களின் தொடக்கத்தில் 'டார்க் எம்பயர்' காமிக்ஸ் அவரைப் பிழைக்க வைத்தது. 2014-ல் அந்தப் பிழைப்பும் ரத்து. 2020-ல் தொலைக்காட்சித் தொடர் மறுபடி பிழைக்க வைத்தது.

பாத்திரம் பிழைத்தது சரி, ஆள்? முகமூடிக்குள் நடித்த ஜெரமி புல்லாக் 2020 டிசம்பர் 17 அன்று இறந்தார். ஃபெட்டுக்குத் தனித் தொடர் வருகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்தது மறுநாள். அந்த நாலு வசனத்தைப் பேசிய ஜேசன் விங்ரீனின் பெயர் படத்தின் பட்டியலிலேயே இல்லை. 2004 டிவிடியில் அவர் குரலை எடுத்துவிட்டு டெமுவேரா மாரிசன் குரலைச் சேர்த்தார்கள். புதிய படங்களோடு கதை பொருந்த வேண்டுமாம். விங்ரீன் 2015-ல் காலமானார். அவர் பேசியதைக் கேட்கணும் என்றால் பழைய பதிப்பைத் தேடித்தான் பிடிக்கணும்.