வட்டமும் சட்டமும்: இராயக்கோட்டையை நோக்கிய கண்ணாடிகள்

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணிப்போர் கண்ணில் முதலில் படுபவை ஆலைகளே. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980களில் இங்கே வேர்கொண்ட நிறுவனங்களின் பெயர்களே இன்று இந்த எல்லைப்பகுதியின் அடையாளமாகிவிட்டன. ஆலைக் கூரைகளுக்கு மேலே சற்றுக் கண்ணை உயர்த்தினால் வேறொரு காட்சி தெரியும். மொட்டைப் பாறைக் குன்றுகளும், அவற்றின் உச்சியில் சிதைந்த கோட்டைச் சுவர்களும் நிற்கும் அந்நிலமே பழைய பாரமகால். போர்களின் வரலாற்றில் இக்குன்றுகளுக்கு உள்ள இடம் பலரும் அறிந்தது. கண்ணாடி வில்லைகளின் வரலாற்றிலும் இவற்றுக்கு ஓர் இடம் உண்டு என்பதை அறிந்தோர் குறைவு. அந்த இரண்டாவது வரலாற்றையே இங்கு பேச விழைகிறோம்.

இதற்குத் தூண்டுதலாக அமைந்தது, புகைப்பட ஆர்வலர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: சிறிய சென்சாருக்கென்று செய்யப்பட்ட லென்ஸைப் பெரிய சென்சார் கொண்ட காமிராவில் பொருத்தலாமா? இடையில் கண்ணாடி வைத்த ஓர் அடாப்டரைச் சேர்த்தால் குறை தீருமா?

சிக்கல் எங்கே இருக்கிறது?

எந்த லென்ஸும் வட்டமான பிம்பத்தையே வீழ்த்தும். படமோ செவ்வகச் சட்டத்துக்குள் அமைய வேண்டும். வட்டம் சட்டத்தின் நான்கு மூலைகளையும் தொட்டால்தான் படம் முழுமை பெறும்.

‘ஃபுல் ஃப்ரேம்’ எனப்படும் சட்டம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. ‘கிராப் சென்சார்’ எனப்படும் சிறிய சட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 28 மி.மீ. மட்டுமே. சிறிய சட்டத்துக்காக வடித்த லென்ஸைப் பெரியதில் பொருத்தினால் நடுவில் ஒளிவட்டமும் சுற்றிலும் இருளுமாகக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற படமே கிடைக்கும்.

இந்த வட்டத்தைப் பெருக்குவதே கண்ணாடி அடாப்டரின் வேலை. 1.4 மடங்கு பெருக்கும் டெலி கன்வர்ட்டர், 28 மி.மீ. வட்டத்தை ஏறத்தாழ 39 மி.மீ. ஆக்கும்; மூலைகளில் கொஞ்சம் இருள் எஞ்சும். இரண்டு மடங்கு பெருக்கினால் 56 மி.மீ. ஆகிச் சட்டம் நிறைந்துவிடும். ஆனால் அதற்கு விலை உண்டு. முன்னதில் ஒளி பாதியாகக் குறையும். பின்னதில் கால் பங்காகும். லென்ஸ் தந்த நுணுக்கம் எதுவோ அதுவேதான் பெரிய பரப்பில் விரிக்கப்படும். புதிதாக ஒன்றும் சேராது. ஒரு குவளைப் பாலில் இன்னொரு குவளை நீரூற்றினால் பாத்திரம் நிறையும், பால் பெருகாது. லென்ஸின் குறைகளும் அதே அளவில் பெருகும். ஓரங்களில் அவை முதலில் வெளிப்படும்.

1792: ஓவியனின் கையே அடாப்டர்

1792-ல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இரு ஆங்கிலேய ஓவியர்கள் சென்னையிலிருந்து தென்னாட்டுப் பயணம் புறப்பட்டனர். பின்னாளில் அவர்கள் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் பெருந்தொகுப்பில் ஓசூரும் இராயக்கோட்டையும் சகதேவி மலைக்கோட்டையும் இடம்பெற்றன. அத்தொகுப்பு ஓசூர்க் காட்சியை மைசூர் நாட்டினது என்றும், இராயக்கோட்டைக் காட்சியைப் பாரமகாலினது என்றும் குறிக்கிறது. ஓசூர் 1799 வரை திப்புவின் பக்கமே இருந்தது என்பதை நினைவில் கொண்டால் அத்தலைப்புகளின் பொருள் விளங்கும். இந்நிலம் அன்றும் எல்லைதான். கோடு மட்டும் வேறிடத்தில் ஓடியது.

டேனியல்கள் தங்கள் பயணங்களில் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று காமிரா அப்ஸ்குரா. இருட்டுப் பெட்டியின் முன்னே ஒரு லென்ஸ். அது வீழ்த்தும் பிம்பத்தைத் தாளில் கோடிட்டு எடுத்துக்கொள்வது ஓவியரின் வேலை. அக்காலத்து எளிய குவிவில்லையில் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரியும். ஓரங்கள் மங்கிக் குழையும். ஓரங்களைச் சீர்செய்யும் பிறைவடிவ வில்லையை வில்லியம் ஹைட் உல்லஸ்டன் முன்மொழிந்தது 1812-ல்தான். எனவே, 1792-ல் கருவி தராத ஓரங்களை ஓவியரின் கண்ணும் நினைவும் கற்பனையுமே நிரப்பியிருக்க வேண்டும். இந்த ஓவியங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இதை மறத்தலாகாது. பெட்டி வழியே வந்தது எது, கை சேர்த்தது எது என்பதை முடிந்த படத்தில் பிரித்தறிவது எளிதன்று.

1857: பெரிய தாளும் நீண்ட பொறுமையும்

அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே இராயக்கோட்டைக்கு இன்னொரு கண்ணாடி வந்தது. சென்னை இராசதானி அரசின் புகைப்படக்காரராகப் பெங்களூரைத் தளமாகக் கொண்டு பணியாற்றிய கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1857-ன் இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று நீண்ட அப்பயணத்தின் பயனாக 1858-ல் பல படத்தொகுப்புகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பகுதிகள் அப்போது சேலத்தில் அடங்கியிருந்தன.

டிரைப் பயன்படுத்தியது மெழுகிட்ட தாள் நெகட்டிவ். ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் என்னும் பேரளவினது. படத்தைப் பின்னர் பெருக்கி அச்சிடும் வழக்கம் பரவாத காலம் அது. நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. ஆகவே, அத்தனை பெரிய தாளின் மூலைவரை வட்டம் எட்டும் லென்ஸ் வேண்டும். ஓரம் கூர்மை பெறத் துளையைச் சிறிதாக்க வேண்டும். துளை சிறுத்தால் வெளிச்சம் ஏறும் நேரம் நீளும். அவசரத்துக்கு அங்கே இடமே இல்லை.

டிரைப்பும் கையை முற்றாக விலக்கவில்லை. அன்றைய இரசாயனத்தில் நீல வானம் வெறும் வெளுப்பாகவே பதியும் என்பதால், நெகட்டிவின் மீது வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கினார். ஆனால் எழுத்துக்களைப் பதிய வேண்டிய இடத்தில் அவர் தேர்ந்த வழி முற்றிலும் வேறு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை ஒரே படத்தில் அடக்க முயன்றால் எழுத்து படிக்க இயலாதவாறு சிறுத்துவிடும். எனவே காமிராவைச் சுவரையொட்டி நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஹுல்ட்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளைத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கியது 1891-ல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது இந்தப் படம்.

வட்டம் போதாதபோது அவர் அதை இழுத்துப் பெரிதாக்க முனையவில்லை. பல வட்டங்களை அடுத்தடுத்து வைத்தார். 1859-ல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் செலவைக் காரணம் காட்டி அப்பணியை நிறுத்தச் செய்தார். இராசதானிக்கு மிச்சமான தொகையை நாம் கணக்கிட முடியாது. நமக்குக் கிடைக்காமற்போன படங்களையும் எண்ண முடியாது.

ஃபுல் ஃப்ரேமின் பிறப்பு

இன்று ‘முழுச்சட்டம்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் 24×36 அளவே இதே சிக்கலோடுதான் பிறந்தது என்பது சுவையான செய்தி. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளில் நிழற்படம் எடுக்கும் சிறு காமிராவை 1913-14 ஆண்டுகளில் உருவாக்கினார். திரைப்படச் சட்டம் 18×24 மி.மீ.; அதை இரட்டிப்பாக்கி 24×36 என்று கொண்டார். திரைப்படத்துக்கென்று செய்த டெஸ்ஸார் லென்ஸைச் சோதித்தபோது அதன் வட்டம் இரட்டிப்பான சட்டத்துக்குப் போதவில்லை. இன்றைய மொழியில் சொன்னால், கிராப் லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் பொருத்தி முதலில் ஏமாந்தவர்களின் வரிசையில் பார்னாக்கையும் சேர்க்கலாம். தீர்வாக மாக்ஸ் பெரெக் புதிய 50 மி.மீ. லென்ஸை வடிவமைத்தார், 1925-ல் லைக்கா அதனோடு சந்தைக்கு வந்தது.

டிஜிட்டல் யுகம் இதே கதையைத் திருப்பி நடத்தியது. பெரிய சென்சார் செய்வது பெருஞ்செலவு என்பதால் காமிராக்கள் சிறிய சென்சாரோடு வந்தன. 2003 அளவில் நிக்கானும் கேனானும் அவற்றுக்கென்றே சிறிய வட்டமுள்ள லென்ஸ்களை விற்கத் தொடங்கின. பின்னர் ஃபுல் ஃப்ரேம் காமிராக்களின் விலை இறங்கியபோது, பையில் சிறிய லென்ஸும் கையில் பெரிய காமிராவுமாகப் பலர் நின்றனர். அடாப்டர் பற்றிய கேள்வி பெருகியது இந்த இடைவெளியில்தான்.

இராசராசனுக்கு இன்னொரு வழி

கண்ணாடி அடாப்டர் எல்லாமே வீண் என்பது நம் கருத்தன்று. தமிழ்த் திரையின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘இராஜராஜ சோழன்’ 1973-ல் வெளிவந்தது, இயக்கம் ஏ.பி. நாகராஜன், தலைமை வேடத்தில் சிவாஜி கணேசன். சினிமாஸ்கோப் முறையின் மூலம், பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்ரி கிரெத்தியென் 1920களில் உருவாக்கிய ஒரு துணைக்கண்ணாடி. அது அகலமான காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி வழக்கமான சுருளில் பதியும். திரையிடும் கருவியில் உள்ள இன்னொரு கண்ணாடி அதை மீண்டும் விரிக்கும். தொடக்க காலத்தில் அண்மைக் காட்சிகளில் முகங்கள் வீங்கித் தெரிந்த குறை இதில் இருந்தது. எனினும் அரங்கில் அமர்ந்தவர் வேண்டியது பிரம்மாண்டம்; அது கிடைத்தது.

தஞ்சையில் டிரைப் வேண்டியதும் அகலம், இராசராசனைத் திரையில் காட்டியவர்கள் வேண்டியதும் அகலம். ஒருவர் படிப்பதற்காக எடுத்தார், மற்றவர்கள் வியப்பதற்காக எடுத்தனர். வியப்புக்கு அடாப்டர் போதும். படிப்புக்கு அது போதுமா என்பதே நம் கேள்வி.

வேடியப்பனின் ஓரம்

மீண்டும் எல்லைப்பகுதிக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களின் விளைநிலம். ஆநிரை மீட்டு மாண்டவரும், ஊரைக் காக்கப் போரிட்டு வீழ்ந்தவரும் இங்கே கல்லாகி நிற்கின்றனர். பல ஊர்களில் இவர்கள் ‘வேடியப்பன்’ என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றனர். மஞ்சளும் எண்ணெயும் பெற்று வாழ்கின்றனர். வேறு சில கற்கள் வயல் வரப்பிலும் புதர்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கிரானைட் வெட்டும் குவாரிகளும், விரியும் சாலைகளும், எழும் மனைப்பிரிவுகளும் நிலத்தின் முகத்தை நாள்தோறும் மாற்றிவரும் இப்பகுதியில், ஒரு கல்லுக்குக் கிடைக்கும் புகைப்படமே அதன் கடைசிச் சான்றாகவும் அமைந்துவிடக்கூடும்.

நடுகல்லின் அமைப்பைக் கவனியுங்கள். நடுவே வில்லோடும் வாளோடும் வீரன் நிற்பான். அவன் பெயர், அவன் ஊர், அரசனின் ஆட்சியாண்டு ஆகியவை பெரும்பாலும் கல்லின் மேற்பகுதியிலும் ஓரங்களிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அடாப்டர் பொருத்திய கிராப் லென்ஸ் நடுவை ஓரளவு நன்றாகவே காட்டும். அது கைவிடுவது ஓரங்களை. வீரனின் மீசை தெளிவாக விழும். அவன் பெயர் குழைந்துபோகும். தேய்ந்த கல்லில் ஒரு புள்ளியும் ஒரு கொம்பும் பாடத்தையே மாற்றவல்லவை என்பதைக் கல்வெட்டு படித்தோர் அறிவர். கல்வெட்டறிஞர்கள் இன்றும் மைப்படியைப் போற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லின் மேல் தாளை ஒற்றி எடுக்கும் படிக்கு நடுவும் ஓரமும் ஒன்றே.

அப்படியானால் கையில் கிராப் லென்ஸ் மட்டும் உள்ளவர் என்ன செய்வது? டிரைப்பின் வழியை நாம் பரிந்துரைப்போம். காமிராவைக் கிராப் முறையில் வைத்துவிடுங்கள். 24 மெகாபிக்சல் காமிரா அப்போது 10 மெகாபிக்சல் அளவே தரும். அது இழப்பன்று, லென்ஸின் நேர்மையான எல்லை. பிறகு கல்லுக்கு இணையாகக் காமிராவை நகர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு நான்கைந்து படங்கள் எடுத்து, கணினியில் இணைத்துக்கொள்ளுங்கள். காலையிலோ மாலையிலோ சாய்வாக விழும் வெயில் எழுத்துக்களை எழுப்பிக் காட்டும். அருகில் ஓர் அளவுகோலையும் வையுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் பல வீடுகளின் பரணில் தூசி படிந்து கிடக்கிறது. அது பார்னாக்கின் 24×36 சட்டத்துக்கென்றே வடிக்கப்பட்டது. அதன் வட்டம் மூலைவரை எட்டும். இன்றைய மிரர்லெஸ் காமிராவில் அதைப் பொருத்தத் தேவைப்படுவது கண்ணாடியே இல்லாத வெறும் உலோக வளையம். அடாப்டர் என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், இடைவெளியை மட்டும் நிரப்பும் வளையமும் பிம்பத்தையே பெருக்கும் கண்ணாடியும் ஒன்றல்ல. வாங்குமுன் இதைக் கேட்டுத் தெளிதல் நலம்.

நிலவுக்கும் பறவைக்கும் முகத்துக்கும் டெலி கன்வர்ட்டரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அங்கே பார்வை நடுவில்தான் இருக்கிறது. வேடியப்பனிடம் செல்லும்போது மட்டும் அதைப் பையிலேயே விட்டுச் செல்லுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார் தம்மவன் பெயரைக் கல்லின் ஓரத்தில் எழுதி வைத்தனர். அதை மங்கலாக்காமல் அடுத்தவரிடம் சேர்ப்பது படமெடுப்பவரின் கடன்.