பத்து ரூபாய் உண்டியலும் ஒரு கோடி ரூபாய் பத்திரமும்

போன தேர்தல் சமயத்துல ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கள்ளக்குறிச்சி. பஸ் ஸ்டாண்டுல இறங்கி டீ குடிச்சிட்டு இருக்கும்போது, ஒரு பெரியவர் தகர உண்டியலைக் குலுக்கிக்கிட்டே வந்தார். கையில சின்னதா ஒரு செங்கொடி. பத்து ரூபாய் போட்டேன். கூட இருந்த நண்பன் சிரிச்சான். "பத்து பத்து ரூபாயா சேர்த்து இந்தக் காலத்துல எலெக்‌ஷன்ல நிக்க முடியுமாடா?"

கணக்குப் போட்டா அவன் சொன்னது நியாயம்தான். ஒரு மக்களவை வேட்பாளர் செலவு செய்யச் சட்டம் அனுமதிப்பது 95 லட்சம் ரூபாய். பத்து பத்தாகச் சேர்த்தால் ஒன்பதரை லட்சம் பேர் உண்டியலில் போடணும். அதுவும் வேட்பாளருக்குத்தான் இந்த வரம்பு. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. 1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் மெக்கின்லிக்காக மார்க் ஹன்னா என்ற தொழிலதிபர் நிதி திரட்டினார். ஸ்டாண்டர்டு ஆயில் என்ற ஒரே கம்பெனி மட்டும் இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது. மெக்கின்லி ஜெயித்தார். 120 வருஷம் கழித்து, 2016-இல், பெர்னி சாண்டர்ஸ் தனக்கு வரும் நன்கொடையின் சராசரி 27 டாலர்தான் என்று மேடைக்கு மேடை சொன்னார். அவரால் கட்சியின் வேட்பாளராகக்கூட ஆக முடியவில்லை.

அப்போ சின்னக் காசு எப்பவுமே தோற்குமா? இல்லை. அதுக்கு நம்ம ஊர்லயே ஒரு கதை இருக்கு.

1967 தேர்தல். எதிரில் இருப்பது சுதந்திரம் வந்ததிலிருந்து ஆளும் காங்கிரஸ். திமுகவுக்கு 10 லட்சம் ரூபாய் தேர்தல் நிதி வேண்டும் என்று அண்ணா இலக்கு வைத்தார். பொருளாளர் கருணாநிதி ஊர் ஊராகப் போனார். பொதுக்கூட்டத்தில் துண்டேந்தினார்கள், நாடகம் போட்டார்கள், மாநாட்டுக்கு டிக்கெட் விற்றார்கள். வசதியானவங்க யாருமே கொடுக்கலைன்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்த இயந்திரம் ஓடினது கிளைக்கழகத்துக்காரர் கொண்டுவந்த சில்லறையில. கடைசியில் சேர்ந்தது 11 லட்சம். விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலைப் படித்த அண்ணா, சைதாப்பேட்டை வந்ததும் பெயரைச் சொல்லாமல் "பதினோரு லட்சம்" என்றார். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. திமுக ஆட்சியைப் பிடித்தது.

இதே காலத்துல மறுபக்கம் என்ன நடந்ததுன்னு பாருங்க. கட்சிகளுக்கு நிதி கொடுக்கும்படி தன் விதிகளை மாற்றிக்கொள்ள 1957-இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி சாக்ளா அனுமதித்தார். சட்டத்தில் தடுக்க வழியில்லை. ஆனால் இந்த ஆபத்து வளர்ந்தால் ஜனநாயகத்தின் கழுத்தையே நெரித்துவிடும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். 1969-இல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை அடியோடு தடை செய்தது. பணம் நின்றதா? மேசைக்கு மேலே வந்தது மேசைக்குக் கீழே போனது. 1985-இல் மறுபடி அனுமதித்து, லாபத்தில் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2013-இல் அது ஏழரை சதவீதம். 2017-இல் வரம்பே போய்விட்டது.

அதே 2017 பட்ஜெட்டில் அறிவித்ததுதான் தேர்தல் பத்திரம். 1,000 ரூபாய்க்கும் பத்திரம் உண்டு, ஒரு கோடிக்கும் உண்டு. பார்க்க ரொம்ப சமத்துவமா இருக்குல்ல? ஆனால் விற்றது நாடு முழுக்க ஸ்டேட் பேங்கின் 29 கிளைகளில் மட்டும். கள்ளக்குறிச்சிக்காரர் 1,000 ரூபாய் பத்திரம் வாங்கணும்னா சென்னைக்கு பஸ் ஏறணும். விற்பனையான மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய் பத்திரங்களாகவே இருந்ததில் ஆச்சரியம் என்ன?

2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டத்தை ரத்து செய்தது. பட்டியல் வெளியே வந்தது. அதிகம் பெற்ற கட்சி பாஜக. அதிகம் வாங்கியவர் லாட்டரித் தொழில் செய்யும் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 1,368 கோடிக்கு. அதில் 509 கோடி போனது திமுகவுக்கு. ஆமாம், துண்டேந்தி 11 லட்சம் சேர்த்த அதே கட்சிக்குத்தான்.

சரி, உண்டியல் குலுக்கிய பெரியவரின் தரப்பு? சிபிஎம் தேர்தல் பத்திரம் வாங்க மறுத்தது, வழக்கும் போட்டது. ஆனால் 2019 மக்களவைத் தேர்தல் செலவுக் கணக்கில், கூட்டணிக் கட்சிகளான சிபிஐக்கு 15 கோடியும் சிபிஎம்முக்கு 10 கோடியும் கொடுத்ததாக திமுக தேர்தல் ஆணையத்திடம் சொல்லியிருந்தது. கூட்டணியின் தேர்தல் செலவுக்கு, வங்கி வழியாக வந்த பணம் என்று விளக்கினார்கள். இருக்கட்டும். உண்டியல் தனியா ஒரு தேர்தலைத் தாங்க முடியலைங்கறது அதுல தெரியுது.

இன்னொரு விஷயமும் இருக்கு. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் கட்சிகள் ஆணையத்திடம் தரணும். அதற்குக் கீழே கொடுத்தவர் பெயர் வேண்டாம். பத்து ரூபாய் போட்ட என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் பெரிய தொகையைச் சிறு துண்டுகளாக்கி என் பெயரில்லாத பெயருக்குள் ஒளித்து வைக்கவும் அதே ஏற்பாடு வழிவிடுகிறது.

இதுக்கு நடுவுல பணம் போற திசையே மாறிடுச்சு. 1967-இல் ஊரிலிருந்து கட்சிக்குப் போன ரூபாய், 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு கட்சியிலிருந்து ஊருக்கு வருவது ஒரு 'ஃபார்முலா'வாகவே பெயர் எடுத்தது. 2019-இல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள்.

இப்போ மலைக்கு வர்றேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை. தமிழ்நாட்டில் ஆட்சி மாறிய 1967-இல்கூட அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதுவரை மலைவாழ் மக்கள் ஜாகீர்தாருக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். கொடுத்தவர்களும் ஏழைகள், கொடுத்ததும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஆனால் "ரோடு எங்கே?" என்று அவரிடம் கேட்க முடியாது. அவர்கள் தேர்ந்தெடுத்து வந்தவர் இல்லை அவர்.

எனக்குக் கிடைச்ச பதில் அங்கதான் இருக்கு. சின்னத் தொகைங்கறதாலேயே பணம் நல்ல பணமாகிடாது. கொடுத்தவர் திரும்பி வந்து கேள்வி கேட்க முடியுதாங்கறதுதான் முக்கியம். 509 கோடி கொடுத்தவருக்கு எந்தத் தலைவரும் போனை எடுப்பார். பத்து ரூபாய் போட்டவங்க நிறைய பேர் இருந்தால்தான் அவங்க குரலும் கேட்கும். 1967-இல் அந்த நிறைய பேர் இருந்தாங்க. இப்போ அந்த இடம் காலியா இருக்கு. அந்த இடத்துலதான் கோடி ரூபாய் பத்திரம் வந்து உட்கார்ந்தது.

அதனால, டேய் நண்பா, பத்து ரூபாயில எலெக்‌ஷன் நடத்த முடியாது. ஒத்துக்கறேன். ஆனா நம்மகிட்ட யாரும் பத்து ரூபாய் கேட்காத எலெக்‌ஷன்ல, நமக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்காது.

கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன வேலை. தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துல ஒவ்வொரு கட்சியின் நன்கொடைப் பட்டியலும் இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச கட்சியோடதை எடுத்து முதல் பத்து பேரைப் படிங்க. அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டுல யாராவது உண்டியல் குலுக்கினா, போடறதும் போடாததும் உங்க இஷ்டம். போட்டீங்கன்னா ரசீது கேளுங்க. நான் அன்னைக்குக் கேட்கலை.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.