'டேவ்': ஆள் பெயர் சூட்டிக்கொண்ட பிரிட்டிஷ் அலைவரிசை

பிரிட்டனில் 'யூகேடிவி ஜி2' என்றொரு டிஜிட்டல் தொலைக்காட்சி அலைவரிசை இருந்தது. 2007 அக்டோபர் 15 அன்று அது 'டேவ்' ஆனது. டேவ் என்பது ஆள் பெயர். டேவிட் என்பவரை நண்பர்கள் சுருக்கிக் கூப்பிடும் விதம் அது. நாம் தாவூத் என்று சொல்லும் பெயரைத்தான் ஆங்கிலேயர்கள் டேவிட் என்கிறார்கள். ஒரு தொலைக்காட்சிக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா என்று கேட்கத் தோன்றும். டேவ் என்று ஒருவரையாவது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்பதுதான் நிறுவனம் தந்த விளக்கம். இந்தப் பெயர்மாற்றம் பெரிய வெற்றியாக இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அந்த வெற்றி முழுவதையும் பெயரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

கதையின் தொடக்கம் 1992 நவம்பரில். பிபிசியும் தேம்ஸ் டெலிவிஷனும் எடுத்து வைத்திருந்த பழைய நிகழ்ச்சிகளை மறுஒளிபரப்புச் செய்ய 'யூகே கோல்டு' என்ற அலைவரிசை தொடங்கப்பட்டது. 1997இல் பிபிசியின் வணிகக் கிளையான பிபிசி வேர்ல்டுவைடும் பிளெக்ஸ்டெக் என்ற நிறுவனமும் சரிபாதிப் பங்குதாரர்களாகச் சேர்ந்து யூகேடிவி குழுமத்தை உருவாக்கின. பிபிசி தன் சொந்த நாட்டு அலைவரிசைகளில் விளம்பரம் போடுவதில்லை. மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் இயங்குகிறது. அந்தப் பணத்தில் எடுத்த நிகழ்ச்சிகள்தான் யூகேடிவியில் விளம்பரங்களோடு மீண்டும் வந்தன. இலாபத்தில் பிபிசிக்குப் பங்கு போகிறது என்பது உண்மைதான். ஆயினும் ஒருமுறை பணம் கொடுத்த பார்வையாளர் அதையே மறுபடி பார்க்க இன்னொரு சந்தாவும் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

1998இல் டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததும் இடம் பெருகியது. அந்த ஆண்டு 'யூகே கோல்டு கிளாசிக்ஸ்' தொடங்கியது. மறு ஆண்டே 'யூகே கோல்டு 2' ஆனது. 2003 நவம்பரில் 'யூகே ஜி2'. 2004இல் குழுமத்தின் எல்லா அலைவரிசைகளுக்கும் முன்னால் 'யூகேடிவி' ஒட்டப்பட்டபோது 'யூகேடிவி ஜி2'. ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு பெயர்கள்! நான்கும் 'கோல்டு' என்ற மூத்த அலைவரிசையின் தம்பி என்பதைத் தவிர வேறெதையும் பார்வையாளருக்குச் சொல்லவில்லை.

இதே காலத்தில் நடந்த இன்னொரு பெயர்மாற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1998 நவம்பரில் தொடங்கிய 'ஆன்டிஜிட்டல்' என்ற கட்டணச் சேவை, டிஷ் இல்லாமல் சாதாரண ஆன்டெனா வழியாகவே டிஜிட்டல் அலைவரிசைகளைத் தருவதாகச் சொன்னது. 2001இல் 'ஐடிவி டிஜிட்டல்' என்று பெயரை மாற்றி, ஒரு துணிக் குரங்குப் பொம்மையை விளம்பரத்தில் ஆடவிட்டது. நாடே அந்தக் குரங்கை விரும்பியது. சேவையைத்தான் போதுமான பேர் வாங்கவில்லை. கால்பந்து லீக் ஆட்டங்களுக்கு மூன்றாண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டிருந்த நிறுவனம் 2002இல் சரிந்தது. அந்தப் பணத்தை நம்பிச் செலவு செய்திருந்த சிறிய கால்பந்துக் கழகங்கள் பெரும் நெருக்கடியில் சிக்கின. குரங்கு மட்டும் பிழைத்துக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து ஒரு தேயிலை நிறுவனத்தின் விளம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்தது.

ஐடிவி டிஜிட்டல் விட்டுச்சென்ற இடத்தில்தான் 2002 அக்டோபர் 30 அன்று 'ஃப்ரீவியூ' பிறந்தது. மாதச் சந்தா கிடையாது. ஒரு செட்-டாப் பாக்ஸ் வாங்கினால் போதும். டேவின் வெற்றிக்கான அடித்தளம் இங்கேதான் இருக்கிறது. யூகேடிவி ஜி2 கேபிள், சாட்டிலைட் சந்தாதாரர்களுக்கு மட்டுமே கிடைத்து வந்தது. டேவ் தொடங்கிய அன்றே ஃப்ரீவியூவிலும் இலவசமாக வந்தது. அதற்கு இடம் வேண்டுமே! வீட்டு அலங்காரம், சமையல் போன்றவற்றைக் காட்டிவந்த 'யூகேடிவி பிரைட் ஐடியாஸ்' முந்தைய நாள் மூடப்பட்டது. அதை விரும்பிப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். பெயர்மாற்றக் கதைகளில் அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

காலமும் கைகொடுத்தது. டேவ் வந்த இரண்டாம் நாள், 2007 அக்டோபர் 17 அன்று, வடமேற்கு இங்கிலாந்தின் வைட்ஹேவன் நகரில் பிபிசி டூவின் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாறும் வேலையின் முதல் படி அது. 2012 அக்டோபரில் வட அயர்லாந்தில் அந்த வேலை முடிந்தது. இந்த ஐந்தாண்டுகளில் புதிதாகப் பெட்டி வாங்கிய பெரும்பாலான குடும்பங்களின் அலைவரிசைப் பட்டியலில் டேவ் இருந்தது.

ஆக, காட்டியது பெரும்பாலும் பழைய சரக்குதான்: 'டாப் கியர்', 'க்யூஐ', 'மாக் தி வீக்' மறுஒளிபரப்புகள். அதற்காகப் பெயருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் மாட்டேன். நீளமான பட்டியலில் எண்ணும் எழுத்துமாக இருக்கும் ஒரு தலைப்பை விட மனிதப் பெயர் கண்ணில் படும், நினைவில் நிற்கும். ஒரு மணி நேரம் தாமதமாக அதே நிகழ்ச்சிகளைத் தரும் துணை அலைவரிசைக்கு 'டேவ் ஜா வூ' என்று பெயரிட்டது நல்ல குறும்பு. 'முன்பே பார்த்ததுபோல் தோன்றுவது' என்று பொருள்படும் 'டேஜா வூ' என்ற பிரெஞ்சுச் சொல்லை வைத்துச் செய்த சிலேடை அது. இலவச இடம் ஆட்களை உள்ளே கொண்டுவந்தது; பெயர் அவர்களைத் திரும்பி வரச் செய்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

அதன்பின் குழுமம் மற்ற அலைவரிசைகளிலும் முன்னொட்டைக் கழற்றியது. 2009க்குள் வரலாற்று அலைவரிசை 'யெஸ்டர்டே', ஆவணப்பட அலைவரிசை 'ஈடன்', தோட்டக்கலை அலைவரிசை 'ரியலி' ஆகிவிட்டன. டேவ் சம்பாதித்த பெயரைக் கொண்டு சொந்தத் தயாரிப்பிலும் இறங்கியது. பிபிசி 1999இல் நிறுத்திய 'ரெட் டுவார்ஃப்' விண்வெளி நகைச்சுவைத் தொடர் 2009 ஈஸ்டரில் டேவில் மீண்டும் வந்தது. 2015இல் தொடங்கிய 'டாஸ்க்மாஸ்டர்' பெரும் புகழ் பெற்றது. புகழ் பெற்ற பிறகு 2020இல் சேனல் 4 அதைக் கொண்டுபோய்விட்டது.

2019இல் யூகேடிவி முழுவதும் பிபிசி ஸ்டுடியோஸ் கைக்கு வந்தது. 'ஹோம்', 'குட் ஃபுட்', 'ரியலி' மூன்றும் அதுவரை பங்குதாரராக இருந்த டிஸ்கவரிக்குப் போயின. 2024 ஜூலையில் குழுமத்தின் இணையச் சேவை 'யூ' என்று பெயர் மாற, டேவ் 'யூ அண்ட் டேவ்' ஆனது. தொடர்ந்து 'டிராமா', 'டபிள்யூ', 'யெஸ்டர்டே', 'ஈடன்' ஆகியவற்றின் முன்னாலும் அதே 'யூ' வந்து நின்றது. 2004இல் ஒட்டி, 2007 முதல் கழற்றிய முன்னொட்டு, வேறு உருவில் திரும்பிவிட்டது. இணையத்தில் தேடிவந்து பார்ப்பவரிடம் எல்லாம் ஒரே வீட்டுச் சரக்கு என்று காட்ட வேண்டிய தேவை இப்போது. 'கோல்டு', 'அலிபை' என்ற இரண்டுக்கு மட்டும் அந்த முன்னொட்டு வைக்கப்படவில்லை. அவை இரண்டும் இன்னமும் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியவை.